எஃப்-150 பிக்கப்: மைலேஜுக்கு எந்த இன்ஜின், டிரெய்லர் இழுக்க எந்த இன்ஜின்?

டெக்சஸில் வசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. 2021 முதல் 2023 வரையிலான ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்க எண்ணுகிறார். வேலைக்கும் கடைகண்ணிக்குமாக ஆண்டுக்கு 12,000 மைல் ஓடும். அதைத் தவிர, தண்ணீரும் சாமான்களும் ஏற்றியபின் 6,500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,950 கிலோ எடைவரும் டிராவல் டிரெய்லர் (படுக்கையும் சமையலறையும் கொண்ட இழுவை வீடு) ஒன்றை ஆண்டுக்கு 2,000 மைல் இழுத்துச் செல்ல வேண்டும். அதில் ஒரு பயணம் கொலராடோ மலைகளுக்கு. குடும்பத்தில் நான்கு பேர். விற்பனையாளர் ஹைபிரிட் வாங்கச் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் செவர்லேயின் பிக்கப்பான சில்வராடோவை டீசலில் வாங்கச் சொல்கிறார், மைத்துனரோ எட்டு சிலிண்டர் கொண்ட வி8 தவிர வேறெதுவும் இன்ஜினே அல்ல என்கிறார். எது எரிபொருளை மிச்சப்படுத்தும், எது சிரமமின்றி இழுக்கும்?

என் விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரெய்லர் இழுப்பதற்கான கூடுதல் உபகரணத் தொகுப்பு (டோ பேக்கேஜ்) பொருத்தப்பட்ட 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் வாங்குங்கள்; ஈகோபூஸ்ட் என்பது ஃபோர்டின் டர்போ பெட்ரோல் இன்ஜின்களின் பெயர். கொலராடோ பயணம் இல்லையென்றால் 2.7 லிட்டர் ஈகோபூஸ்டே போதும் என்று சொல்லியிருப்பேன். ஆனால் இந்த முடிவுக்கு வர மைலேஜ் கணக்கு எனக்கு உதவியதைவிட, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஒரு மஞ்சள் தாள்தான் அதிகம் உதவியது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்த ஆண்டுகளின் எஃப்-150இல் நீங்கள் கருத வேண்டிய இன்ஜின்கள் நான்கு. 2.7 லிட்டர் இரட்டை டர்போ வி6 (டர்போ என்பது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி), 325 குதிரைத்திறனும் 400 பவுண்டு-அடி டார்க்கும், அதாவது முறுக்குவிசையும், தரும். 5.0 லிட்டர் வி8 டர்போ இல்லாதது; 400 குதிரைத்திறன், 410 பவுண்டு-அடி. 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6, அதே 400 குதிரைத்திறனோடு 500 பவுண்டு-அடி தருகிறது. பவர்பூஸ்ட் என்ற ஹைபிரிட், இந்த 3.5 இன்ஜினோடு 47 குதிரைத்திறன் மின்மோட்டாரைச் சேர்த்து, மொத்தமாக 430 குதிரைத்திறனும் 570 பவுண்டு-அடியும் காட்டுகிறது. 3.3 லிட்டர் சாதாரண வி6 ஒன்றும் இருந்தது. இந்த டிரெய்லருக்கு அதை நினைக்கவே வேண்டாம். நான்குக்கும் ஒரே 10 கியர் தானியங்கிப் பெட்டிதான்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின், நகரமும் நெடுஞ்சாலையும் சேர்ந்த கலப்பு மைலேஜ் மதிப்பீட்டில், பின்சக்கர இயக்க வண்டிக்கு, 2.7 இன்ஜின் கேலனுக்கு 22 மைல், 5.0 வி8உம் 3.5 ஈகோபூஸ்டும் ஏறத்தாழ 20 மைல், பவர்பூஸ்ட் 25 மைல். நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி 10.6 கிலோமீட்டர் வரை. நான்கு சக்கர இயக்கம் வேண்டுமென்றால் ஒன்றிரண்டு மைல் குறையும். விளம்பரத்திலும் விற்பனைக் கூடத்திலும் பேசப்படுவது இந்த எண்கள்தான். ஆனால் இவை எல்லாம் பின்னால் எதுவும் கட்டாமல் ஓடும் வண்டிக்கு உரியவை என்பதை நினைவில் வையுங்கள்.

டிரெய்லரை மாட்டியதும் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 65 மைல் வேகத்தில் சமதளத்தில் தனியாக ஓடும் பிக்கப்புக்குச் சக்கரங்களில் தேவைப்படுவது வெறும் 35 குதிரைத்திறன் அளவுதான். 400 குதிரைத்திறன் இன்ஜின் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வேலை செய்துகொண்டிருக்கிறது. இப்படி அரைத்தூக்கத்தில் ஓடும்போது பெரிய பெட்ரோல் இன்ஜின் தன் உராய்வுக்கும், பாதி மூடிய திராட்டில் (காற்று நுழையும் வழியின் மூடி) வழியாகக் காற்றை உறிஞ்சும் சிரமத்துக்குமே கணிசமான எரிபொருளைச் செலவழித்துவிடுகிறது. சின்ன இன்ஜினுக்கு டர்போவைப் பொருத்தும் உத்தியே இந்த விரயத்தைக் குறைக்கத்தான்; 2.7 இன்ஜின் மதிப்பீட்டில் வி8ஐ முந்துவதற்கும் காரணம் அதுதான்.

ஆனால் எட்டடி அகலமும் பத்தடிக்கு மேல் உயரமும் உள்ள ஒரு பெட்டியைப் பின்னால் கட்டியதும், காற்று எதிர்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடுகிறது. டயர்களின் உருளல் எதிர்ப்பையும் சேர்த்தால் அதே 65 மைல் வேகத்துக்கு இப்போது சக்கரங்களில் 100 குதிரைத்திறனுக்குச் சற்று மேலே வேண்டும். கியர்ப்பெட்டியிலும் அச்சிலும் போகும் இழப்பையும் கூட்டினால் இன்ஜினில் 115. இந்த அளவு சுமையில் வி8இன் திராட்டில் நன்றாகத் திறந்துவிடுகிறது. அரைத்தூக்க விரயம் மறைந்துவிடுகிறது. சின்ன டர்போ இன்ஜினுக்கோ இப்போது அழுத்தக் காற்று தொடர்ந்து தேவைப்படுகிறது. அழுத்தம் ஏறினால் உள்ளே சூடு ஏறும். நாக்கிங் என்னும் தட்டல் வராமலிருக்க இன்ஜின் கணினி தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். ஏற்றத்தில் சுமை இன்னும் கூடினால், வெளியேறும் புகையின் சூட்டைத் தணிக்கவே கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும். ஆகவே வி8 ஏறி வர, சின்ன டர்போ இன்ஜின் இறங்கி வர, இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொள்கின்றன. 115 குதிரைத்திறனை ஒரு மணிநேரம் தர எந்தப் பெட்ரோல் இன்ஜினுக்கும் ஏறக்குறைய 8 கேலன் வேண்டும். 65ஐ 8ஆல் வகுத்தால் கேலனுக்கு 8 மைலுக்குச் சற்று மேல். உயரமான டிராவல் டிரெய்லரை இழுப்பவர்கள் எந்த நிறுவனத்தின் பெட்ரோல் பிக்கப்பை வைத்திருந்தாலும் 8 முதல் 10 மைல் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். உங்கள் மைத்துனர் "டர்போவெல்லாம் இழுக்கும்போது குடிக்கும்" என்று சொல்வது உண்மை. அவருடைய வி8உம் அதே அளவு குடிக்கும் என்பதும் உண்மை.

ஹைபிரிட்டும் இதற்கு விலக்கு அல்ல. பவர்பூஸ்டின் பேட்டரி 1.5 கிலோவாட்-மணி மட்டுமே. மின்மோட்டார் தன் முழுத் திறனான 35 கிலோவாட்டில் உழைத்தால் அந்தப் பேட்டரி இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். நகரத்துச் சிக்னல்களில் நின்று கிளம்பும்போது, பிரேக்கில் வீணாகும் ஆற்றலைப் பிடித்துத் திருப்பித் தருவதில்தான் ஹைபிரிட்டின் ஆதாயமெல்லாம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் டிரெய்லரை இழுக்கும்போது பிடிப்பதற்கும் ஒன்றுமில்லை, தருவதற்கும் ஒன்றுமில்லை, 3.5 ஈகோபூஸ்ட் தன்னோடு ஒரு பேட்டரியையும் சுமந்துகொண்டு ஓடுகிறது, அவ்வளவுதான். கிளம்பும்போது அந்த மோட்டார் தரும் உந்துதல் சுகமானது என்பதை மறுக்கவில்லை.

இனி உங்கள் பணக் கணக்கு. டிரெய்லர் இல்லாத 12,000 மைலுக்கு மதிப்பீட்டு மைலேஜையும், இழுக்கும் 2,000 மைலுக்குப் பெட்ரோல் வண்டிகள் அனைத்துக்கும் கேலனுக்கு 9 மைலையும் எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் கேலன் 3 டாலர் என்று வைத்தால், ஆண்டுச் செலவு 2.7 இன்ஜினுக்கு 2,300 டாலர், 3.5 ஈகோபூஸ்டுக்கும் வி8க்கும் 2,470 டாலர், பவர்பூஸ்டுக்கு 2,110 டாலர். அதிகம் குடிப்பதற்கும் குறைவாகக் குடிப்பதற்கும் இடையே ஆண்டுக்கு 360 டாலர். மாதத்துக்கு 30 டாலர். பழைய வண்டிச் சந்தையில் ஹைபிரிட்டுக்குக் கேட்கப்படும் கூடுதல் விலையை இந்த 30 டாலரால் எத்தனை ஆண்டுகளில் ஈடுகட்டலாம் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தினமும் நெரிசலில் நகர்ந்து வேலைக்குப் போகிறவருக்கு விடை வேறாக இருக்கும். முகாமில் விளக்கும் குளிர்சாதனமும் ஓட ஒரு ஜெனரேட்டர் வாங்க இருந்தவருக்கும் வேறாக இருக்கும், ஏனெனில் பவர்பூஸ்டில் 2.4 கிலோவாட் மின்வழங்கி வண்டியோடே வருகிறது, 7.2 கிலோவாட் வரை கூடுதல் விலையில் கிடைத்தது.

பக்கத்து வீட்டுக்காரரின் டீசல் உண்மையிலேயே வேறு சாதி. சில்வராடோவில் வரும் 3.0 லிட்டர் டியூராமேக்ஸ், ஆறு சிலிண்டர்களும் நேர்வரிசையில் நிற்கும் இன்ஜின். 2020இல் 277 குதிரைத்திறன், 460 பவுண்டு-அடியோடு வந்தது. 2023 முதல் 305 குதிரைத்திறன், 495 பவுண்டு-அடி. டீசலில் திராட்டில் மூடல் என்ற தொல்லையே அநேகமாக இல்லை, அழுத்த விகிதம் அதிகம், ஒரு கேலன் டீசலில் ஒரு கேலன் பெட்ரோலைவிட எட்டில் ஒரு பங்கு ஆற்றலும் கூடுதல். ஆகவே வெறும் வண்டியாக 26 மைலைத் தொடும் இந்த இன்ஜின், உங்கள் டிரெய்லரோடும் 12 மைல் அளவில் தரும் என்று எதிர்பார்க்கலாம். ஒரு தொட்டியில் போகும் தூரம் கூடுகிறது; ஏற்றத்தில் இன்ஜின் அலறாமல் தாழ்ந்த சுழற்சியில் இழுக்கிறது; இறக்கத்தில், புகை வெளியேறும் வழியை நெருக்கி வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் உதவுகிறது. நாள்தோறும் இழுப்பவராக நீங்கள் இருந்தால் தயங்காமல் இதையே சொல்வேன்.

ஆனால் டீசல் கேலன் பெட்ரோலைவிட 75 சென்ட் கூடுதலாக விற்கிறது என்று வைத்தால் உங்கள் ஆண்டுச் செலவு 2,360 டாலர், 2.7 பெட்ரோல் இன்ஜினைவிடச் சற்று அதிகம். புகையைச் சுத்திகரிக்க யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். புகை வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும், குறுகிய ஓட்டங்கள் அதற்கு ஆகாது. தொடக்க கால டியூராமேக்ஸில் ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டை 1,50,000 மைலில் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அது இன்ஜினின் பின்புறம் இருப்பதால் கியர்ப்பெட்டியை இறக்கித்தான் மாற்ற முடியும். ஃபோர்டே 2018இல் எஃப்-150க்கு 3.0 லிட்டர் டீசல் ஒன்றைக் கொண்டுவந்து, 2021இல் நிறுத்திவிட்டது. ராம் நிறுவனமும் தன் 3.0 டீசலை 2023இல் கைவிட்டது. எஃப்-150 போன்ற அரை டன் வகுப்புப் பிக்கப்புகள் பலவற்றில் டீசல் நிலைக்காததற்கு நாம் போட்ட இதே கணக்கும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மைலேஜ் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது, இழுவையில் எது நல்லது என்பதே முடிவு செய்ய வேண்டிய கேள்வியாகிறது. சமதளமான டெக்சஸில் நான்கு இன்ஜின்களும் உங்கள் டிரெய்லரை இழுத்துவிடும். அதிகபட்ச இழுவையாக 2021இல் ஃபோர்டு அறிவித்த எண்கள் 2.7க்கு 10,100 பவுண்டு, பவர்பூஸ்டுக்கு 12,700, வி8க்கு 13,000, 3.5க்கு 14,000. கடல்மட்டத்துக்கு அருகில் 6,500 பவுண்டு என்பது இவை எதற்கும் பெரிய சுமை அல்ல. கொலராடோவில் கதை மாறுகிறது. டென்வரிலிருந்து மேற்கே செல்லும் 70ஆம் எண் நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அதை நெருங்கும் ஏற்றம் சில இடங்களில் 7 சதவீதம். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கும். அந்தச் சுரங்கத்தின் வாயிலில் 400 குதிரைத்திறன் வி8, 270 குதிரைத்திறன் இன்ஜினாகத்தான் நிற்கும். டர்போ, மெல்லிய காற்றை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுழன்று, இழப்பில் பெரும்பகுதியை மீட்டுவிடுகிறது. தவிர 3.5 தன் 500 பவுண்டு-அடியை 3,100 சுழற்சியில் தருகிறது. வி8 தன் 410ஐத் தர 4,250 சுழற்சிக்கு ஏற வேண்டும். பின்னிருக்கையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது இந்த வேறுபாடு காதுக்கே தெரியும்.

வி8க்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால், அதில் டர்போவும், டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும், அவற்றின் குழாய்களும் இல்லை, பழுதுபட வாய்ப்புள்ள உறுப்புகள் குறைவு, இறக்கத்தில் தாழ்ந்த கியரில் பிடித்தால் நன்றாகவே தடுத்து நிறுத்தும். பத்து, பதினைந்து ஆண்டு வைத்துக்கொள்ளப் போகிறேன், மலைப்பக்கம் போகமாட்டேன் என்பவர் வி8 வாங்கினால் நான் குறை சொல்லமாட்டேன்.

இப்போது அந்த மஞ்சள் தாள். வண்டிக்குள் ஏறும் மனிதர்களும் பொருள்களும், ஹிட்ச்சின்மேல் (டிரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கி) டிரெய்லர் அழுத்தும் எடையும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்ற பேலோடு வரம்பை அது சொல்கிறது. வண்டிக்கு வண்டி அந்த எண் மாறும். விளம்பரத்தில் வரும் 14,000 பவுண்டு இழுவை எண், வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇயின் ஜே2807 என்ற சோதனை விதிப்படி பெறப்படுவது. அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில், கடும் வெயிலில், குளிர்சாதனத்தை முழுவதும் ஓடவிட்டு, 11.4 மைலுக்கு மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதன் பகுதி. கடினமான, நேர்மையான சோதனைதான். ஆனால் அதில் வண்டிக்குள் இருப்பது தலா 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டுமே. நான்கு பேரும் நாயும் மிதிவண்டிகளும் அடுப்புக்கரியும் அந்தக் கணக்கில் இல்லை.

உங்கள் கணக்கைப் போடுவோம். டிராவல் டிரெய்லர் நிலையாக ஓட, அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின்மேல் அழுந்த வேண்டும். 13 சதவீதம் என்று கொண்டால் 845 பவுண்டு. அந்த அழுத்தத்தை முன் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கும் எடைப் பகிர்வு ஹிட்ச் 100 பவுண்டு. நான்கு பேருக்கு 600. வண்டிக்குள் வைக்கும் சாமான்கள் 200. மொத்தம் 1,745 பவுண்டு. வசதிகள் நிறைந்த பவர்பூஸ்ட் வண்டிகள் பலவற்றில் மஞ்சள் தாள் காட்டுவது 1,400 பவுண்டைச் சுற்றியே இருக்கும். பேட்டரியும் மோட்டாரும், திறக்கும் கூரையும், மின்சார இருக்கைகளும் தம் எடையை அந்த எண்ணிலிருந்துதான் கழித்துக்கொள்கின்றன. 12,700 பவுண்டு இழுக்கும் என்று விற்கப்படும் வண்டி, 6,500 பவுண்டு டிரெய்லரிலேயே வரம்பைத் தாண்டிவிடுகிறது. விற்பனையாளர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

நானும் ஒருமுறை இதில் விழுந்தவன்தான். இழுவை எண்ணை மட்டும் பார்த்து வாங்கிய என் முதல் பிக்கப்பை, குடும்பத்தோடும் டிரெய்லரோடும் ஒரு டிரக் நிறுத்தத்தின் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது, பின் அச்சு வரம்பைத் தாண்டி 300 பவுண்டு கூடுதலாக நின்றது. இன்ஜின் ஒரு முனகல்கூட இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்ததால் அதுவரை எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆகவே 3.5 ஈகோபூஸ்டிலும் அலங்காரம் குறைந்த எக்ஸ்எல்டி போன்ற வகையையே தேடுங்கள். மஞ்சள் தாளில் 1,800 பவுண்டுக்குக் குறைந்தால் அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள். பின் அச்சு விகிதம் (சக்கரம் ஒருமுறை சுழல டிரைவ் தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்ற எண்) 3.55 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். 36 கேலன் தொட்டி உள்ள வண்டியா என்று பாருங்கள். சிறிய தொட்டி 23 கேலன். கேலனுக்கு 9 மைல் என்றால் காகிதத்தில் 200 மைல், ஆனால் அம்பு அடிப்பகுதியைத் தொடும்வரை யாரும் ஓட்டுவதில்லை என்பதால் 160 மைலுக்கு ஒருமுறை நிறுத்தவேண்டி வரும். மேற்கு டெக்சஸில் எதிர்காற்று அடிக்கும் நாளில், முப்பது அடி டிரெய்லரோடு நுழைந்து வெளியேறக்கூடிய பெட்ரோல் நிலையத்தைத் தேடியலைந்தவர்களுக்கு 13 கேலனின் மதிப்பு தெரியும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு குறிப்பு. ஃபோர்டு ஈகோபூஸ்ட் இன்ஜின்களுக்கு அறிவித்த திறன் எண்கள் உயர் ஆக்டேன் (தட்டலை அதிகம் தாங்கும்) பெட்ரோலில் பெறப்பட்டவை. அன்றாட ஓட்டத்துக்குச் சாதாரண 87 ஆக்டேனே போதும். கோடையில் டிரெய்லர் இழுக்கும் நாள்களில் மட்டும் 91 அல்லது 93 போடுங்கள்; மேலே சொன்ன தீப்பொறிப் பின்தள்ளல் குறையும், விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி மைலேஜாகத் திரும்பி வரும்.

மற்ற நிறுவனங்களைப் பற்றிச் சுருக்கமாக. டொயோட்டா டன்ட்ரா 2022இல் தன் பழைய 5.7 வி8ஐ விட்டு, 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6க்கு மாறியது. அதன் ஹைபிரிட் 583 பவுண்டு-அடி தந்தாலும் மைலேஜைவிட வலிமைக்காகவே அமைக்கப்பட்டது. 2022, 2023 டன்ட்ராக்களிலும் லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகளிலும் உற்பத்தியின்போது இன்ஜினுக்குள் துகள்கள் தங்கியதற்காக ஏறத்தாழ 1,02,000 வண்டிகள் 2024இல் திரும்ப அழைக்கப்பட்டன. செவர்லேயின் 6.2 வி8 இழுவையில் அருமையானது. ஆனால் உயர் ஆக்டேன் கேட்கும், மேலும் 2025இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகள் அந்த இன்ஜினின் உட்பாகக் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. இவற்றில் எதை வாங்கினாலும் வண்டியின் தயாரிப்பு அடையாள எண்ணைக் (VIN) கொடுத்து, திரும்ப அழைப்புக்கான பழுதுநீக்கம் முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

3.5 ஈகோபூஸ்டும் குறையற்றது அல்ல. 2017 முதல் 2020 வரையிலான இன்ஜின்களில், குளிர்ந்திருக்கும்போது கிளப்பினால், வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசரிலிருந்து சில விநாடிகள் கடகடவென்று ஒலி வரும் சிக்கல் பரவலாக இருந்தது. நீங்கள் பார்ப்பது அதற்குப் பிந்தைய வண்டி என்றாலும், பார்க்கப் போகும் நாளில் இன்ஜினை முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லி, மஞ்சள் தாளை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.